அம்புக்குறி எங்கே போய் முடிகிறது?

வங்கியில் நான் எழுத்தர். கடன் கொடுக்கிற அதிகாரமெல்லாம் எனக்குக் கிடையாது. கடன் கேட்டு வருகிற கோப்புக்குப் பக்க எண் போட்டு, விடுபட்ட தாளைக் கேட்டு வாங்கி, கயிறு கட்டி மேலே அனுப்புவது என் வேலை. அப்படி என் மேசையைக் கடந்துபோன ஒரு கோப்பில், ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் கட்டப்போகிற அறிவியல் கட்டடத்தின் வரைபடங்கள் இருந்தன. எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. பல இடங்களில் இதே வரைபடம்தான்.

வழுவழுப்பான தாள். முகப்பில் 'பசுமைக் கட்டடம்' என்று எழுதியிருந்தது. கூரை முழுக்க சூரியத் தகடுகள். மழைநீருக்குத் தொட்டி. வேம்பும் புங்கனும் நடவேண்டிய இடத்துக்குப் பச்சை வட்டங்கள். மரத்தடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிற, சிவப்பாக, ஒல்லியாக வரைந்த பிள்ளைகள். எல்லாம் சரி. எனக்குக் கண் போனது கீழ்த்தளத்து வேதியியல் ஆய்வகத்தின் மேல். வரிசையாகத் தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு மெல்லிய கோடு. கோடுகளெல்லாம் ஒன்றுசேர்ந்து பின்சுவரைத் தாண்டி, ஒரு சின்னச் சதுரத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து ஓர் அம்புக்குறியாக வெளியே வருகின்றன. அம்புக்குறி தாளின் ஓரத்தைத் தொட்டதும் முடிந்துபோகிறது. அதன் பக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது, விலை இருக்கிறது. சூரியத் தகடு எத்தனை ஆண்டில் போட்ட காசைத் திருப்பித் தரும் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். அந்த அம்புக்குறி எங்கே போகிறது, அதன் முனையில் யார் நிற்பார்கள் என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

எனக்குப் பதில் தெரியும். அதன் முனையில் என் நைனா நின்றார்.

*

நைனா ஒரு கல்லூரியில் தினக்கூலித் துப்புரவுப் பணியாளர். நான் பி.எஸ்சி. வேதியியல் படித்ததும் அதே கல்லூரியில்தான். ஆய்வகத்துக்குப் பின்னால், கருவேல முள்ளுக்குள்ளே, ஒரு குழி. நாங்கள் தொட்டியில் கொட்டுகிற அமிலம், காரம், உப்புக் கரைசல், உடைந்த சோதனைக் குழாய்ச் சில்லு எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். ஆண்டுக்கு ரெண்டு தடவை அடைத்துக்கொள்ளும். செய்முறைத் தேர்வுக்கு முன்னால் கட்டாயம் அடைத்துக்கொள்ளும். அப்போது நைனாவைக் கூப்பிடுவார்கள்.

"சார், இது சாதா தண்ணி இல்ல. காலு எரியுது."

"தண்ணிய ஊத்திக்கிட்டே அள்ளுப்பா. ஒண்ணும் ஆவாது."

அவ்வளவுதான் பேச்சு. ராத்திரி வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கணுக்காலுக்குக் கீழே தோல் வெளுத்து உரிந்திருக்கும். காலையில் உப்புப் பகுப்பாய்வு முடிந்ததும், மிச்சம் இருந்த அடர் அமிலத்தைத் தண்ணீர்கூடக் கலக்காமல் தொட்டியில் கவிழ்த்தது நான். அடுத்த பையனும் அதைத்தான் செய்தான். சொல்லிக்கொடுத்தவர்கள் ஒரு நாளும், 'இதைக் கொட்டாதே, கீழே ஒரு ஆள் இருக்கிறான்' என்று சொன்னதில்லை. ஈயம் என்ன நிறத்தில் வீழ்படியும், காப்பர் என்ன நிறம் என்று மனப்பாடம் செய்தோம். வீழ்படிவு எங்கே போய் விழுகிறது என்று நாங்களும் கேட்கவில்லை.

ஆகவே, பல்கலைக்கழக வளாகத்தில் நீடித்து நிற்கக்கூடிய அறிவியல் கட்டடம் எப்படி இருக்கவேண்டும் என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான்: வரையத் தொடங்குகிறவர் அந்த அம்புக்குறியின் முனையிலிருந்து வரையத் தொடங்கட்டும். கூரைக்குக் கடைசியில் வரலாம்.

*

தோழர்கள் சிலர் சிரிப்பார்கள். "சீட்டுக்கே அடிச்சிக்கிட்டுக் கிடக்கோம், உதவித்தொகை வந்து சேர மாட்டேங்குது, இவரு கட்டடம் பச்சையா மஞ்சளான்னு பேச வந்துட்டாரு" என்பார்கள். சூழல் பேச்சு என்றாலே அது காரில் வந்து மரம் நடுகிறவர்களின் பொழுதுபோக்கு என்று நமக்குள்ளே ஒரு நினைப்பு இருக்கிறது. அந்த நினைப்புக்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் அதை அவர்களிடமே விட்டுவிட்டால் நட்டம் நமக்கு. அம்பேத்கர் அன்றைய ஔரங்காபாத்தில் 1950இல் மிலிந்த் கல்லூரியைத் தொடங்கியபோது, பாடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கட்டடத்தைக் காண்ட்ராக்டரிடம் விட்டுவிடவில்லை. கட்டட வேலையையும் தானே கவனித்தார். நம் பிள்ளை எந்தச் சுவருக்குள் உட்கார்ந்து படிக்கிறான் என்பது அவருக்குச் சில்லறை விஷயமாகப் படவில்லை.

வகுப்பறைக் கட்டடம் வேறு, அறிவியல் கட்டடம் வேறு. இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஓர் அலுவலகம் எரிக்கிற மின்சாரத்தைப்போலப் பல மடங்கை ஓர் ஆய்வகம் எரிக்கும். விளக்கும் கணினியும் அதில் சின்னப் பங்குதான். பெரிய பங்கு காற்றுக்குப் போகிறது. ஆய்வகத்துக் காற்றைத் திரும்பச் சுற்றவிடக் கூடாது. உள்ளே இருப்பதை வெளியே தள்ளி, புதுக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். மணிக்கு ஆறிலிருந்து பத்துத் தடவை அறைக் காற்று முழுவதையும் மாற்றுகிற ஆய்வகங்கள் உண்டு. குளிரூட்டிய அறை என்றால், காசு கொடுத்துக் குளிரவைத்த காற்றை அப்படியே வானத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம் என்று அர்த்தம்.

ஃப்யூம் ஹுட் என்று ஒன்று இருக்கும். முன்னால் கண்ணாடிக் கதவு வைத்த பெட்டி, உள்ளே வருகிற நச்சுப் புகையை மேலே இழுத்து வெளியே தள்ளும். அமெரிக்காவில் கணக்குப் பார்த்தவர்கள், இரவும் பகலும் ஓடுகிற ஒரே ஒரு ஹுட், அங்கே மூன்று வீடுகளுக்கு மேல் செலவாகிற ஆற்றலைத் தின்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அந்தக் கண்ணாடிக் கதவைக் கீழே இறக்கிவிட்டாலே, அதற்கேற்பக் காற்றைக் குறைக்கிற வசதி உள்ள ஹுட்டில் பெரும்பகுதி மிச்சமாகும். மைனஸ் 80 டிகிரியில் உயிரியல் மாதிரிகளை வைக்கிற உறைபெட்டியும் இப்படித்தான், ஒன்றே ஒரு வீட்டுக்கான மின்சாரத்தைக் குடிக்கும். மைனஸ் 70க்கு மாற்றி வைத்தால் கணிசமாகக் குறையும். பேராசிரியர் அறை, வகுப்பறை, படிப்பறை எல்லாவற்றையும் ஆய்வகத்தோடு கலந்து கட்டாமல் தனிச் சிறகாகப் பிரித்தால், பாதிக் கட்டடத்துக்கு இந்தக் காற்றுச் செலவே வேண்டாம். அங்கே ஜன்னலும் மின்விசிறியும் போதும்.

நம் வெயிலுக்கு இன்னும் சொல்ல இருக்கிறது. நீளப்பக்கம் வடக்கும் தெற்கும் பார்த்திருக்க வேண்டும். காலையும் மாலையும் சாய்வாக விழுகிற வெயிலை எந்த சன்ஷேடும் தடுக்காது. பழைய கல்லூரிகளில் அகலமான வராந்தா இருந்ததே, அது சும்மா நடப்பதற்கு மட்டும் வைத்ததில்லை, சுவரின் மேல் வெயில் விழாமல் இருக்க வைத்தது. இப்போது வராந்தாவை எடுத்துவிட்டு முகப்பு முழுக்கக் கண்ணாடி ஒட்டி, உள்ளே ஏசி போட்டு, கூரையில் நாலு சூரியத் தகடு வைத்துப் பசுமை என்கிறார்கள். லாரி பேக்கர் திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையத்தில் செங்கல்லைத் துளைத்துளையாக அடுக்கி, காற்றும் வெளிச்சமும் வருகிற மாதிரி சுவர் எழுப்பினார். செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுகிற முறையில் நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம் என்று காட்டினார். குறைகிற ஒவ்வொரு செங்கல்லும் சூளையில் முன்பணத்துக்கு மாட்டிக்கொண்டு மண் மிதிக்கிற குடும்பத்தின் உழைப்பு. அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கிற கட்டடக் கலைஞர் எத்தனை பேர்?

ஆனால் ஜன்னலைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஹுட்டுக்கு எதிரே ஜன்னல் காற்று அடித்தாலோ, மேலே மின்விசிறி சுற்றினாலோ அது புகையை ஒழுங்காக இழுக்காது. புகை வெளியே வந்து நிற்பவன் முகத்தில் அடிக்கும். ஆகவே ஹுட்டை வாசலுக்கும் ஜன்னலுக்கும் விலகி, தனி மூலையில், தனி அறையில் வைக்க வேண்டும். நான் படித்த ஆய்வகத்தில் ஹுட் இருந்தது. அதன் உள்ளே பழைய பதிவேடுகளை அடுக்கியிருந்தார்கள். கிப்ஸ் கருவியின் அழுகின முட்டை நாத்தம் எங்கள் சட்டையில்தான் வீட்டுக்கு வந்தது.

அடுத்து தண்ணீர். ஒரு லிட்டர் வாலைவடிநீர் எடுக்க, ஆவியைக் குளிரவைக்கக் குழாயைத் திறந்துவிட்டுப் பல லிட்டர் நல்ல தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்புகிறோம். வடிகட்டுவதற்கு வெற்றிடம் வேண்டும் என்று குழாய்த் தண்ணீரை வேகமாக ஓடவிட்டு உறிஞ்சுகிற பழக்கமும் இருக்கிறது. குளிர்ப்பு நீரைத் தொட்டிக்குத் திருப்பிச் சுற்றவிடலாம். வெற்றிடத்துக்கு மோட்டார் பம்பு வைக்கலாம். பெரிய காரியமில்லை. பத்து மில்லிலிட்டரில் செய்கிற சோதனையைச் சொட்டுக் கணக்கில் செய்கிற நுண்ணளவு முறை வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. கொட்டுகிற அளவு குறைந்தால் குழிக்குள் போகிற அளவும் குறையும். கடைசியில் எதுவும் குழிக்குத்தான் வந்து சேருகிறது, பார்த்தீர்களா?

*

அந்தக் குழியை ஒளிக்காமல் கட்டின ஒரு கட்டடம் இருக்கிறது. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் ஓபர்லின் என்கிற சின்ன ஊர்க் கல்லூரியில். அந்தக் கல்லூரி நமக்கு அந்நியமானது இல்லை. 1833இல் தொடங்கி, 1835இலேயே நிறம் பார்க்காமல் கருப்பின மாணவர்களைச் சேர்ப்பது என்று முடிவெடுத்த இடம். அடிமை முறை ஒழிவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னால். 1858இல் ஜான் பிரைஸ் என்ற தப்பிவந்த அடிமையை ஆள்பிடிக்கிறவர்கள் கொண்டுபோனபோது, ஊர்க்காரர்களும் மாணவர்களும் ஆசிரியர்களும் திரண்டுபோய் மீட்டார்கள். அதற்காகச் சிலர் சிறைக்கும் போனார்கள். 1862இல் மேரி ஜேன் பேட்டர்சன் என்ற கருப்பினப் பெண் அங்கே பி.ஏ. பட்டம் வாங்கினார். அமெரிக்காவில் அப்படிப் பட்டம் வாங்கிய முதல் கருப்பினப் பெண் அவர் என்கிறார்கள்.

அந்தக் கல்லூரியில் சூழல் படிப்புக்கென்று ஆடம் ஜோசப் லூயிஸ் மையம் என்ற கட்டடம் 2000இல் திறக்கப்பட்டது. டேவிட் ஓர் என்ற பேராசிரியர் முன்னின்று செய்தார். வில்லியம் மெக்டோனா வரைந்தார். வரைவதற்கு முன்பே மாணவர்களையும் ஊர்க்காரர்களையும் உட்காரவைத்து என்ன வேண்டும் என்று கேட்டார்கள். கூரையில் சுமார் 60 கிலோவாட் சூரியத் தகடு. வெயில் உள்ளே வந்து தரையைச் சூடாக்குகிற மாதிரி தெற்குப் பக்கக் கண்ணாடி. அது பனி விழுகிற ஊர், அங்கே அது சரி. மண்ணுக்குள் துளை போட்டு அங்குள்ள சூட்டை எடுத்துக்கொள்கிற ஏற்பாடு. இதெல்லாம் இன்று பல இடத்தில் இருக்கிறது.

நான் வியந்தது வேறொன்றுக்கு. அந்தக் கட்டடத்தின் கழிப்பறைத் தண்ணீர் அந்தக் கட்டடத்திலேயே சுத்தமாகிறது. கட்டடத்தோடு ஒட்டி ஒரு கண்ணாடி வீடு. அதற்குள் வரிசையாகத் தொட்டிகள். தொட்டிகளில் செடிகள், வேர்களில் நுண்ணுயிர்கள். கழிவுநீர் ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போய், சரளைக்கல் படுகையில் வடிந்து, மறுபடி கழிப்பறைக்குத் திரும்புகிறது. ஜான் டாட் என்ற உயிரியலாளர் உருவாக்கிய முறை. 'லிவிங் மெஷின்', உயிருள்ள இயந்திரம், என்று பெயர். அதை நடத்துவது, மாதிரி எடுத்துச் சோதிப்பது, செடியைப் பராமரிப்பது எல்லாவற்றிலும் மாணவர்களே இருக்கிறார்கள். அது அவர்களுக்குப் பாடம்.

நம் ஊர்க் கண்ணோடு இதைப் பாருங்கள். வழிபாட்டு அறை மாதிரி, கட்டடத்தின் வெளிச்சமான இடத்தில் கழிவு இருக்கிறது. போகிற வருகிறவர் எல்லாரும் பார்க்கிறார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று குறிப்பு எடுக்கிறார்கள். யாருக்கும் தீட்டுப் படவில்லை. வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிக்கவில்லை. கழிவு என்பது ஒரு சாதியின் வேலை அல்ல, ஓர் அறிவியல் கேள்வி என்று அந்தச் சுவர் சொல்லிக்கொடுக்கிறது.

அந்தக் கட்டடத்தையும் கும்பிடச் சொல்லவில்லை. திறந்த கொஞ்ச நாளிலேயே அதே கல்லூரி இயற்பியல் பேராசிரியர் ஜான் ஸ்கோஃபீல்ட் மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டு, சொன்னதைவிட இது நிறைய மின்சாரம் எரிக்கிறது, கூரைத் தகடு தருவது போதவே போதாது என்று வெளிப்படையாக எழுதினார். மின்சாரக் கொதிகலன் ஒன்று குளிர்காலத்தில் தின்றுகொண்டிருந்தது. வாக்குவாதம் நடந்தது. கருவிகளை மாற்றினார்கள். 2006இல் வண்டி நிறுத்துமிடத்தின் மேல் இன்னொரு 100 கிலோவாட் அளவுக்குத் தகடு போட்ட பிறகுதான் அது எரிப்பதைவிட அதிகமாகத் தயாரிக்கத் தொடங்கியது. தன் கல்லூரியின் பெருமையைத் தன் கல்லூரி ஆசிரியரே மீட்டர் வைத்துச் சோதிக்கிறார், அவர் வேலை போகவில்லை. அறிவியல் கட்டடத்துக்குள் நடக்க வேண்டிய முதல் அறிவியல் இதுதான் என்று நினைக்கிறேன். இங்கே ஒரு விரிவுரையாளர் தன் கல்லூரியின் பசுமைச் சான்றிதழ் பொய் என்று எழுதட்டும், மறுநாள் அவர் சாதி என்ன என்று விசாரிப்பார்கள்.

*

நம் நாட்டிலும் நல்ல முயற்சிகள் உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் சூழல் அறிவியல் மையத்துக்குக் கட்டிய கட்டடம் 'கிருகா' என்ற இந்திய மதிப்பீட்டில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. நிழல், வெளிச்சம், மண்ணுக்குள் புதைத்த குழாய் வழியே காற்றைக் குளிரவைப்பது என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். கிருகா பட்டியலில், கட்டுகிற காலத்தில் தொழிலாளர்களுக்குக் கழிப்பறையும் பாதுகாப்பும் தரவேண்டும் என்று இருக்கிறது. பிற்பாடு, கட்டடத்தில் வேலைசெய்கிற கடைநிலைப் பணியாளர்களுக்கு வசதி தருவதற்கும் மதிப்பெண் சேர்த்தார்கள். சேர்த்தவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

என் சந்தேகம் மதிப்பெண் மேலேயே. வங்கியில் தினம் பார்க்கிறேன். மதிப்பெண் என்று ஒன்று வந்துவிட்டால், ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடித்துவிடலாம். பணியாளருக்குக் குளிக்கிற அறை இல்லையா, பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் சூரியத் தகடு போடு, நட்சத்திரம் வந்துவிடும். ஓர் உயிரையும் ஒரு கிலோவாட்டையும் ஒரே பேரேட்டில் வைத்துக் கூட்டிக் கழிக்க முடியாது. ஆள் இறங்குகிற குழி இருக்கிற கட்டடத்துக்கு நட்சத்திரமே கிடையாது என்று இருக்க வேண்டும்.

சட்டம் இல்லாமலா? 1993இல் ஒரு சட்டம். 2013இல் அதைவிட விரிவான சட்டம். சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் அபாயகரமாக ஆளை இறக்குவதற்குத் தடை. அதிலும் ஒரு சந்து வைத்தார்கள்: பாதுகாப்புக் கருவி கொடுத்துவிட்டால் அது அபாயகரமான வேலை ஆகாது. 2014இல் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் செத்தவர்களின் குடும்பத்துக்குப் 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. செத்தபிறகு எவ்வளவு என்பதற்குத் தீர்ப்பு இருக்கிறது. இறங்கவே தேவையில்லாத மாதிரி ஒரு குழியை வரைய ஒரு பென்சிலும் கொஞ்சம் மனசும் போதும். அந்தப் பென்சிலைப் பிடித்திருக்கிறவர் குடும்பத்தில் யாரும் குழிக்குள் இறங்கினதில்லை. அதனால்தான் அவருடைய கோடு தாளின் ஓரத்தோடு நின்றுவிடுகிறது.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பழைய மரபுக்குத் திரும்பினால் எல்லாம் பசுமையாகிவிடும் என்கிறார்கள். முன்னோர் காற்றுத்திசை பார்த்துக் கட்டினார்கள் என்று பெருமை பேசுகிறார்கள். உண்மைதான், பார்த்துத்தான் கட்டினார்கள். எங்கள் சேரி எந்தத் திசையில் இருக்கிறது, எங்கள் மேல் பட்ட காற்று ஊருக்குள் வராமல் இருக்க எவ்வளவு யோசித்திருக்கிறார்கள், தாழ்வான இடம் பார்த்து எங்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று வந்து பாருங்கள். மழை பெய்தால் ஊர்த் தண்ணீர் முழுக்க எங்கள் தெருவுக்குத்தான் வரும். அதுவும் ஒரு வடிவமைப்புதான். அதில் அம்புக்குறியின் முனை எங்கள் வீட்டு வாசல்.

இன்றைய அறிவியல் கட்டடத்திலும் அதே கேள்விதான். ஹுட்டின் புகைக்குழாயைக் கூரைக்கு மேல் நன்றாக உயர்த்தி வேகமாகத் தள்ளினால்தான் புகை கலையும். செலவுக்குப் பயந்து குட்டையாக விட்டால், அது இறங்கி வந்து பக்கத்து ஜன்னலுக்குள் நுழையும். பின்பக்கத்து ஜன்னல் யாருடையது? பல இடங்களில் அது துப்புரவுப் பணியாளர்கள் துணி மாற்றுகிற, சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கிற இடம். ஆய்வகத்துக்குள்ளே மாணவர் கண்ணில் அமிலம் பட்டால் கழுவ ஒரு குழாய், மேலே பட்டால் நனைய ஒரு ஷவர், சுவரில் பச்சைப் பலகை. பின்னால் குழியண்டை வேலை செய்கிறவருக்கு? தண்ணிய ஊத்திக்கிட்டே அள்ளுப்பா.

*

வெறுமனே திட்டிவிட்டுப் போவதற்கு இதை எழுதவில்லை. வரைகிறவர்களும் காசு கொடுக்கிறவர்களும் செய்யக்கூடியது இவை.

ஒன்று: ஆய்வகக் கழிவுக்குழாய் வேறு, கழிப்பறைக் குழாய் வேறு, மழைநீர் வேறு. அமிலக் கழிவுக்கு அமிலம் அரிக்காத குழாய். அது போய்ச் சேர்கிற நடுநிலையாக்கும் தொட்டி தரைக்குக் கீழே ஆழத்தில் இல்லாமல், நின்றபடியே திறந்து பார்த்து, சுண்ணாம்புக்கல்லை மாற்றக்கூடிய உயரத்தில், வெளிச்சத்தில் இருக்கட்டும். முன்பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. துணைவேந்தர் காரைவிட்டு இறங்கும்போது கண்ணில் படட்டும்.

இரண்டு: கரைப்பான்கள், பாதரசம், கன உலோக உப்புகள் எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது. தனித்தனிக் கலன், காற்றோட்டமுள்ள தனி அறை, எழுதிவைத்த பதிவேடு. அதற்கான இடம் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். கட்டி முடித்தபிறகு மாடிப்படிக்கு அடியில் தேடக் கூடாது.

மூன்று: அடைத்தால் மனிதர் இறங்கித்தான் ஆகவேண்டும் என்கிற ஆழத்தில் ஒரு குழிகூட வேண்டாம். குழாயின் ஒவ்வொரு திருப்பத்திலும் இயந்திரம் நுழைகிற வாய், இயந்திர வண்டி வந்து நிற்கிற பாதை.

நான்கு: கழுவுகிறவர், துடைக்கிறவர், குப்பை எடுக்கிறவர் வரைபடக் கூட்டத்தில் உட்கார வேண்டும். கூலிக்கழிவு இல்லாமல், நாற்காலியில். என் நைனாவிடம் யாராவது ஒருநாள் கேட்டிருந்தால், அந்தக் குழி எதனால் அடைக்கிறது என்று ரெண்டு நிமிசத்தில் சொல்லியிருப்பார். தொட்டியின் வாயில் வலை இல்லை. கண்ணாடிச் சில்லு போய் வளைவில் நிற்கிறது. ஒரு வலை. அவ்வளவுதான்.

ஐந்து: கட்டடம் அம்பது வருசம் நிற்கும் என்கிறார்கள். அதைப் பராமரிக்கிறவர் மட்டும் பதினொரு மாத ஒப்பந்தமா? குழாய் எங்கே போகிறது என்று தெரிந்த ஆளை ஆண்டுதோறும் மாற்றினால் எந்த இயந்திரமும் ஓடாது. நிரந்தரப் பணி, பயிற்சி, உடைமாற்ற அறை, குளிக்க வெந்நீர். வெந்நீருக்குத்தான் கூரையில் சூரியன் இருக்கிறதே.

செலவு ஆகுமே என்பார்கள். ஆகும். அது இப்போதும் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. கல்லூரிக் கணக்கில் வராமல், எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெயில், எங்கள் அம்மா அடகு வைத்த தோட்டில், நைனா வேலைக்குப் போகமுடியாத நாட்களின் கூலியில் எழுதப்படுகிறது. பேரேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் காட்டி இலாபம் என்று சொன்னால் வங்கியில் அதற்கு மோசடி என்று பெயர்.

*

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. உங்கள் வளாகத்து அறிவியல் கட்டடத்துக்குப் பின்னால் ஒருநாள் நடந்துபோய்ப் பாருங்கள். தொட்டியிலிருந்து கிளம்புகிற குழாயோடு கூடவே போங்கள். அது எங்கே முடிகிறது, யார் அதைத் திறக்கிறார், அவர் பெயர் என்ன, சம்பளம் என்ன, கையில் உறை உண்டா என்று எழுதிக்கொள்ளுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி வடிகால் வரைபடத்தைக் கேளுங்கள். தரமாட்டார்கள், மேல்முறையீடு செய்யுங்கள். வரைபடமே இல்லை என்று பதில் வந்தால் அதுவும் ஓர் ஆவணம்தான். புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுகிறார்கள் என்றால், நாட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். நாட்டியபிறகு அவர்கள் காதில் விழாது.

ஆய்வகத்துக்குள் நீங்கள் நிற்கும்போது, கையில் இருக்கிற குடுவையைக் கவிழ்க்குமுன் ஒரு நிமிசம் நில்லுங்கள். இதை நான் சொல்வதற்குத் தகுதியில்லாதவன். மூன்று வருசம் கவிழ்த்தவன்.

அந்தக் கோப்பை நான் மேலே அனுப்பிவிட்டேன். வேறென்ன செய்யமுடியும், எழுத்தர்தானே. அனுப்புமுன் ஒரு காரியம் செய்தேன். விடுபட்ட விவரங்களைக் கேட்டு எழுதுவது என் வேலை என்று சொன்னேன் இல்லையா. எதற்கும் ஒட்டுகிற மஞ்சள் தாள் ஒன்றை எடுத்து, அம்புக்குறியின் முனையில் ஒட்டி, "இது எங்கே போகிறது? விவரம் இணைக்கவும்" என்று எழுதினேன். மேலாளர் அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்காமலும் இருக்கலாம்.

நைனாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வலை போடணும்னு எழுதினியா?" என்று கேட்டார்.

எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன், நைனா.